450-ன்னு போட்டிருக்குதுங்க அப்புச்சி

வா கண்ணு, உக்காரு. கம்ப்யூட்டருக்குக் கிராபிக்ஸ் கார்டு வாங்கோணும்னு மூணு நாளா சோறு திங்காமத் திரியறயாமா, உங்கம்மா சொன்னா. நீ திங்காட்டிப் போவுது. நீ வாங்கப்போற கார்டு எத்தனை சோறு திங்கும்னு பாத்தயா? பாத்திருக்க மாட்ட. கெணத்தை எட்டிப் பாக்காமயே ஏழரை எச்பி மோட்டாருக்கு அட்வான்ஸ் குடுத்த வம்சந்தான நம்முது.

என்ன கார்டு? ஆர்டிஎக்ஸ் 3060-ஆ? பேரே பஸ் நம்பராட்ட கம்பீரமா இருக்குது. அது 170 வாட் இழுக்கும்னு நீதான் செல்போன்ல காட்டுன. "நம்ம எஸ்எம்பிஎஸ் 450 வாட்டுங்க அப்புச்சி, தாராளமாத் தாங்கும்"ங்கற. கேபினட் வாங்குனப்ப கூட இனாமா வந்த கரண்ட்டுப் பொட்டிதான அது? இனாமா வந்ததுக்குத் தாராளம் ஜாஸ்தியாத்தான் இருக்கும்.

சரி, அந்தப் பக்கத்துக் கதவைக் கழட்டு. மொதல்ல பிளக்கைப் புடுங்கு, அப்பறம் கழட்டு. எஸ்எம்பிஎஸ் பொட்டிய மட்டும் தொறந்துறாத. கரண்ட்டை நிறுத்துனாலும் உள்ள கண்டென்சர் கோவத்தை வெச்சுக்கிட்டே இருக்கும். உங்க அம்மச்சியாட்ட.

ஸ்டிக்கரைப் படி. மேல கொட்டை எழுத்துல 450-ன்னு இருக்குதா? அதை உட்டுப்போட்டுக் கீழ எறும்பு ஊர்றாப்பல ஒரு கட்டம் போட்டிருக்கறானே, அதைப் படி. இந்தா, பூதக்கண்ணாடி. 12 வோல்ட்டுக்கு நேரா என்ன? 17 ஆம்ப்ஸ். 12-ஐயும் 17-ஐயும் பெருக்கு. செல்போனைத் தொடாத, வாயில சொல்லு. 204. அவ்வளவுதான் கண்ணு உன்ற சொத்து. மீதியெல்லாம் 5 வோல்ட்டு, 3.3 வோல்ட்டுன்னு பங்காளிக பேர்ல கெடக்குது. ப்ராசசரும் கார்டும் உக்காந்து திங்கறது 12 வோல்ட்டு எலையில. பங்காளி காட்டுப் பத்திரத்தைக் காட்டி நீ கடன் கேட்டா பேங்குல குடுப்பானா?

இப்பக் கணக்குப் போடு. உன்ற ப்ராசசர் ஆறாந் தலைமுறை ஐ5, அது 65 வாட். போர்டு, டிஸ்க்கு, பேனு, மினுக்மினுக்குன்னு எரியறதுக்கு நீ ஒட்டி வெச்சிருக்கற கலர் பல்பு, எல்லாஞ் சேத்து ஒரு 40 வெய்யி. 204-ல 105 போனா மிச்சம் 99. 99 பேருக்குச் சமைச்சு வெச்சுட்டு 170 பேரைப் பந்திக்குக் கூப்பிட்டா, என்ன ஆவும்? வந்தவன் எலையத் தூக்கிட்டு அடுப்படிக்கே வந்துருவான்.

அதுவும் 170-ங்கறது சீரா ஓடறப்பக் கணக்கு. மோட்டாரை ஸ்டார்ட் பண்றப்ப டொய்ங்ன்னு வூட்டு லைட்டெல்லாம் மங்குதே, ஏன்? எடுக்கற நேரத்துல மோட்டாரு ஓடற கரண்டைப்போல அஞ்சாறு மடங்கு இழுக்கும். கார்டுகளும் அந்தச் சாதிதான். கண் இமைக்கறதுக்குள்ள ஒரு இழு இழுத்துட்டு ஒண்ணும் தெரியாதவனாட்ட உக்காந்துக்கும். அதுக்குத்தான் 3060-க்கு 550 வாட் எஸ்எம்பிஎஸ் போடுன்னு என்விடியாக்காரனே எழுதி வெச்சிருக்கறான். இல்லாட்டி என்ன, கேம்ல நீ பேய ஒரு வழி பண்ணிட்டு வர்ற நேரத்துல கம்ப்யூட்டரு படக்குன்னு அணைஞ்சுரும். பேய் செயிச்சதா நெனச்சுக்க.

"நம்ம எஸ்எம்பிஎஸ்ல கார்டுக்குப் பவர் வயரே இல்லீங்க அப்புச்சி, சாட்டா வயர்ல மாட்டற கன்வெர்ட்டர் நூறு ரூவாய்க்குக் கெடைக்குது"ங்கறயா? நம்மூர்ல ரெண்டு பேஸ் கரண்ட்டுல கண்டென்சர் போட்டு மூணு பேஸ் மோட்டாரை ஓட்டுனவங்க எத்தனை பேரு! தண்ணியும் வந்துச்சு, கொஞ்ச நாள்ல கருகுன வாசமும் வந்துச்சு. இதையும் கேட்டுக்க. சாட்டா முனையில 12 வோல்ட்டுக்கு மூணு பின்னு, ஒண்ணொண்ணும் ஒன்றரை ஆம்ப்ஸ். மொத்தம் 54 வாட். அந்தப் பக்கம் 6 பின் முனை 75 கேக்கும், 8 பின் முனை 150 கேக்கும். சைக்கிள் கேரியர்ல நெல்லு மூட்டை ஏத்தலாம். நெல்லு மில்லை ஏத்த முடியாது.

மூஞ்சியத் தொங்கப்போடாத. வழி இருக்குது. போர்டுல கார்டு சொருகற எடம் இருக்கே, அந்த ஸ்லாட்டே 75 வாட் வரைக்கும் குடுக்கும். தனி வயரே வேண்டாம். அந்த 75-க்குள்ள அடங்கற கார்டாப் பாரு.

ஏஎம்டிக்காரன் ஆர்எக்ஸ் 6400-ன்னு ஒண்ணு உட்டிருக்கறான். 53 வாட்தான். கோயில் பூசாரியாட்ட அளவாத் திங்கும். ஆனா அதுக்குத் தகவல் பாய நாலே வாய்க்கா. புது போர்டுல நாலு வாய்க்காலும் வேகமாப் பாயும். உன்றது பழைய பிசிஐ 3.0 போர்டு, பாயறது பாதியாயிரும். அதுவுமில்லாம வெளையாடறதை ரெக்கார்டு பண்ணி யூடியூப்ல போட்டுச் சம்பாரிக்கப் போறதா உங்கப்பங்கிட்டச் சொல்லீருக்கற. வீடியோவை என்கோடு பண்ற வித்தை அதுக்குள்ள இல்லவே இல்லை. அந்தச் சொமையும் ப்ராசசர் தலைமேலதான் வுழும்.

அதனால ஆர்டிஎக்ஸ் 3050-ஐப் பாரு. பொறு, ஓடாத! பேரு ஒண்ணு, வவுறு ரெண்டு. 2022-ல வந்த 8 ஜிபி மூத்தவன் 130 வாட் திம்பான். 2024-ல வந்த 6 ஜிபி எளையவன் 70 வாட். எளையவன் கொஞ்சம் மெதுவுதான். ஆனா 105-ம் 70-ம் 175. உன்ற 204-க்குள்ள அடக்கம். கடைக்காரன் "ரெண்டும் 3050-தான் தம்பி"ம்பான். ரெண்டு பேரும் முருகசாமிதான்னு அடுத்த வூட்டு முருகசாமிக்கா பொண்ணு குடுப்ப? செகண்ட் ஹேண்ட்ல ஜிடிஎக்ஸ் 1650 கெடைச்சாலும் 75 வாட்தான். ஆனா அதுலயே 6 பின் வெச்ச மாடலும் நெறைய இருக்குது. கார்டைத் திருப்பி முதுகைப் பாத்துட்டுக் காசைக் குடு.

பெருசுதான் வேணும்னா மொதல்ல நல்லதா ஒரு 550 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கு. 12 வோல்ட்டுல மட்டுமே 500-க்குப் பக்கத்துல காட்டோணும், 8 பின் வயர் அதுலயே தொங்கோணும். அப்பவும் 3060 எதுக்கு? 2023-ல வந்த 4060 அதைய விட வேகம், திங்கறது 115 வாட். மெமரி 8 ஜிபிதான், அதையும் தெரிஞ்சுக்க. ஆனா உன்ற மானிட்டரு செகண்டுக்கு 60 தடவைக்கு மேல படம் மாத்தாது. 150 படம் வந்து வாசல்ல வரிசைல நின்னா என்ன பண்ணுவ, டோக்கன் குடுப்பயா?

என்ன பாக்கற? கீபோர்டுல ஒத்தை வெரல்ல தட்டற கெழவனுக்கு ஸ்டிக்கர் மட்டும் எப்படி இத்தனை தெளிவாத் தெரியுதுன்னா?

கோயமுத்தூர்ல ரீவைண்டிங் கடையில வேலைக்கிருந்தேன் கண்ணு. கருகுன 3 எச்பி மோட்டாரு வரும். காயில் கட்டி, வார்னிஷ் ஊத்தி, பச்சைப் பெயிண்ட் அடிச்சு முடிச்சா மொதலாளி ஒரு நேம் பிளேட் நீட்டுவாரு. 5 எச்பி. ரிவெட் அடிச்சது இந்தக் கைதான். வாங்க வந்தவங்கள்ல ஒருத்தரும் ஆம்ப்ஸ் என்னன்னு கேட்டதில்லை. பெயிண்டைத் தடவிப் பாத்துட்டுக் காசை எண்ணி வெச்சாங்க.

ஒரு தைப்பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன். எங்கய்யன் சிரிச்ச மூஞ்சியோட கெணத்து மேட்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. "சலுசா வந்துச்சுடா, 5 எச்பி"ன்னாரு. பச்சைப் பெயிண்ட்டு. கோணலா நாலு ரிவெட்டு. என்ற கை கோணலு எனக்குத் தெரியாதா?

நான் வாயே தொறக்கலை. அப்பறம் மூணு வருசம் அந்த மோட்டாருக்குக் கூலியில்லாமக் காயில் கட்டுனேன்.

போ, போ. பூதக்கண்ணாடிய இங்க வெச்சுட்டுப் போகாத, கடைக்கு எடுத்துட்டுப் போ.