படகு கரையேறாமல் பலகை மாறுமா?

கேள்வி: அலுவலகக் கணினியில் புது மென்பொருளை நிறுவப் போனால், ‘முதலில் ரீஸ்டார்ட் செய்யவும்’ என்று மறுக்கிறது. தினமும் மாலையில் அணைத்துவிட்டுத்தான் போகிறோம். பிறகு ஏன் இந்தப் பிடிவாதம்?
– வாசகர், ஆத்தூர்

பதில்: தூத்துக்குடிக் கடலில் ஓடிக்கொண்டிருக்கும் படகுக்கு அடிப்பலகை மாற்ற முடியாது, கரையேற்றித்தான் ஆகவேண்டும். விண்டோஸும் பயன்பாட்டில் இருக்கும் கோப்பை மாற்ற விடாது. ‘அடுத்த முறை எழும்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று ரெஜிஸ்ட்ரியில் குறித்து வைக்கும். அந்தப் பாக்கி தீரும்வரை, அடுத்து வரும் மென்பொருள்கள் பலவும் வாசலிலேயே நின்றுவிடும்.

தினமும் அணைப்பதில்தான் சிக்கலே இருக்கிறது. விண்டோஸ் 8 முதல் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்றொரு வசதி உண்டு. அது இயங்கும் கணினியில் ‘ஷட் டவுன்’ கொடுத்தால், இயங்குதளத்தின் மையப்பகுதி டிஸ்கில் அப்படியே பதிந்து, மறுநாள் விட்ட இடத்திலிருந்து எழும். வெறும் கோழித்தூக்கம்! ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் முழுக்க அணைந்து புதிதாகத் தொடங்கும்.

தள்ளிப்போடுவது ஆபத்து. 2017 ஜூன் 27 அன்று உலகைத் தாக்கிய நாட்பெட்யா வைரஸ், மும்பை அருகே ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் மெர்ஸ்க் குழுமத்தின் சரக்குப்பெட்டக முனையத்தையும் முடக்கியது. அது பரவிய வழிகளில் ஒன்றை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே வெளியிட்டிருந்தது. அத்தகைய திருத்தம் இறங்கினால் மட்டும் போதாது. ரீஸ்டார்ட் ஆனால்தான் வேலைசெய்யும். மெர்ஸ்க் 45,000 கணினிகளில் எல்லாவற்றையும் புதிதாக நிறுவியது, பத்தே நாளில்.

ரீஸ்டார்ட்டுக்குப் பிறகும் மறுத்தால், டிஸ்கில் இடமும் நிறுவும் அனுமதியும் இருக்கிறதா என்று பாருங்கள்.