ஜன்னலோரவியல்: சில அடிப்படைச் சிக்கல்கள்

விமானத்தில் ஜன்னலோர இருக்கை என்று விற்கப்படுவது உண்மையில் சுவரோர இருக்கை. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். சுவரில் ஜன்னல் இருந்தால் அது பயணியின் பாக்கியம். ஜன்னலுக்கு வெளியே ஏதாவது தெரிந்தால் பூர்வஜன்மப் புண்ணியம். ஆனால் புண்ணியத்தை நம்பி டிக்கெட் எடுப்பது ஆய்வாளனுக்கு அழகல்ல.

முன்னோர் சொன்னதை முதலில் பார்த்துவிடுவோம். புறநானூற்றின் 27ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார், ஓட்டுபவன் இல்லாமலே வானில் செல்லும் ஊர்தி ஒன்றைச் சொல்கிறார். புலவர் பாடிய புகழ் உள்ளவர்களுக்கே அதில் இடம். மற்றவர்கள் வெயிட்டிங் லிஸ்ட் என்று நாமாக ஊகிக்க வேண்டியதுதான். சீவக சிந்தாமணியில் விசயை மயிற்பொறியில் ஏறித் தப்புகிறாள். மயிலுக்குச் சுவர் கிடையாது; நாலு பக்கமும் காட்சிதான். ஆனால் அவளோ நிறைமாதக் கர்ப்பிணி, நாடு பறிபோன துக்கம் வேறு, இறங்கியதும் சுடுகாட்டில். வழியில் என்ன தெரிந்தது என்று அவளிடம் கேட்பது நியாயமில்லை.

ஆக, ஏட்டில் இத்துறை வெற்றிடம். ரோட்டில் அப்படியில்லை. கிளாம்பாக்கத்தில் காலை ஏழு மணிக்குத் திருச்சி பஸ்ஸில் ஏறும் பாட்டி, படியைத் தாண்டியதும் ஒரு விநாடி நிற்கிறாள். "இந்தப் பக்கம் வெயில் அடிக்கும்டா, அந்தாண்ட போ" என்று பேரனை வலப்பக்கம் தள்ளுகிறாள். தெற்கே போகும் வண்டிக்குக் காலைச் சூரியன் இடக்கைப் பக்கம் என்ற கணக்கு அந்த ஒரு விநாடியில் முடிந்துவிட்டது. ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம்பிடிப்பதும் இதே மரபுதான். வெப் செக்-இன் என்பது துண்டின் மின்னணு வடிவம். துண்டுக்கு யாரும் தனியாகக் காசு வாங்கியதில்லை, அவ்வளவே வேறுபாடு.

இனிச் சிக்கல்கள். ஏர்பஸ் 320, போயிங் 737 ரகங்களில் வரிசைக்கு ஆறு இருக்கை. ஏ இடது ஓரம், எஃப் வலது ஓரம். முன்வாசலில் ஏறிப் பின்னால் நடக்கும்போது ஏ நம் வலக்கைப் பக்கம் இருக்கும். திரும்பி உட்கார்ந்தால் இடப்பக்கம் ஆகிவிடும். இதில் குழம்பி, வீட்டில் போட்ட கணக்கையெல்லாம் நடைபாதையிலேயே தொலைத்தவர்கள் உண்டு. நானும் ஒருவன்.

இதைவிடப் பெரியது பொருத்தமின்மை. ஜன்னல்கள் விமானத்தின் எலும்புச் சட்டங்களுக்கு நடுவே அமைகின்றன. 737இல் அந்தச் சட்டங்களின் இடைவெளி 20 அங்குலம். இருக்கைகளின் இடைவெளியை முடிவு செய்வதோ விமான நிறுவனம். 28 வைப்பார்கள், 30 வைப்பார்கள். 30 என்றால் மூன்று ஜன்னலுக்கு இரண்டு வரிசை, ஒன்று விட்டு ஒரு வரிசைக்கு அதே ராசி. 28 என்றால் ஏழு ஜன்னலுக்கு ஐந்து வரிசை. அதாவது நமக்கு முன்னால் இருப்பவருக்கு முழு ஜன்னல் கிடைத்தால், அதே அதிர்ஷ்டம் அடுத்து வாய்ப்பது அவருக்கு ஐந்து வரிசை பின்னால் இருப்பவருக்கு. நடுவில் உள்ளவர்கள் கழுத்தை ஒடித்துக்கொள்ள வேண்டும். பள்ளியில் படித்த மீ.சி.ம. என் வாழ்க்கையில் பயன்பட்ட ஒரே இடம் இது.

அதே 737இல் இடது பக்கம், பத்து பன்னிரண்டாம் வரிசைகளுக்கு அருகே, ஜன்னலே இல்லாத இடம் ஒன்று உண்டு. வயிற்றுப் பகுதியிலிருந்து குளிர்காற்றைக் கூரைக்குக் கொண்டுபோகும் குழாய் அந்தச் சுவருக்குள் ஏறுகிறது. ஒரு பயணத்தில் ஜன்னலோரத்துக்குக் கூடுதல் பணம் கட்டி அங்கேதான் உட்கார்ந்தேன். நல்ல சுவர். வெள்ளை, லேசான புள்ளிகள்.

இறக்கை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நடுவரிசைகளில் உட்கார்ந்தால் இறக்கையைப் பார்க்கலாம். அதற்குச் சற்றுப் பின்னால் உட்கார்ந்தால் என்ஜினின் சூட்டில் ஊரே கானல் போல நெளியும். முன்வரிசைதான் உத்தமம், அது நிறுவனத்துக்கும் தெரியும் என்பதால் அங்கே விலை அதிகம். யாழ்ப்பாணத்துக்குப் பறக்கும் ஏ.டி.ஆர். 72க்கு இறக்கை கூரைமேல் இருப்பதால் கீழே தரை தாராளமாகத் தெரியும். ஏறுவது பின்வாசலில். ஏழைகளின் மயிற்பொறி அது.

பாட்டியின் சூரிய சூத்திரத்துக்கும் ஒரு திருத்தம் வேண்டும். சென்னையிலிருந்து கோவைக்கு நண்பகலில் மேற்கே பறந்தால், டிசம்பரில் வெயில் தெற்கே, அதாவது இடது பக்கம். ஆனால் ஏப்ரல் கடைசி வாரம் தொடங்கி ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நம் ஊரில் உச்சிவேளைச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும். அப்போது வலது பக்கம் சுடும். மே மாதத்தில் பழைய நினைப்பில் எஃப் எடுத்தவர், திரையை இழுத்து மூடிவிட்டு, கொடுத்த காசுக்கு பிஸ்கட் சாப்பிட வேண்டியதுதான்.

எல்லாவற்றையும் சேர்த்து நான் எடுத்துக்கொண்ட களம், சென்னை–கொழும்பு. நேர்கோடு போட்டால் ஏறக்குறைய 650 கி.மீ., கிட்டத்தட்ட நேர் தெற்கு. கோடு யாழ்ப்பாணத்தின் மேல் போகிறது. அப்படியானால் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கிடக்கும் ஆதாம் பாலத்து மணல்திட்டுகள் வலது பக்கம் வர வேண்டும். காலை விமானம் என்றால் சூரியன் இடது பக்கம். நம் முதுகுக்குப் பின்னிருந்து வெளிச்சம் விழ, ஆழமில்லாத அந்தக் கடலின் பச்சை துலங்கும். முன்வரிசை, எஃப், காலை. கணக்கில் ஓட்டை இல்லை.

முதல் களப்பணியில் எல்லாம் சரியாக அமைந்தது. பெல்ட் மாட்டும்போது பக்கத்திலிருந்த பெண், "அண்ணா, பாப்பா ஜன்னல் கேட்டு அழறா, கொஞ்சம் மாறி உக்காந்துக்கறீங்களா?" என்றார். மாறினேன். விமானம் கிளம்புவதற்குள் பாப்பா தூங்கிவிட்டாள். வெயில் படாமல் இருக்கட்டும் என்று அம்மா திரையை இறக்கிவிட்டார். வலது பக்கம் வெயிலே வராது என்பதை விளக்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டேன். இரண்டாம் முறை நவம்பர். ஏறியதிலிருந்து இறங்கும்வரை மேகம். அந்த முறை ஊர் திரும்பும்போது திட்டுகள் இடது பக்கம் என்பதால் ஏ கேட்டு வாங்கினேன். மேலே சொன்ன வெள்ளைச் சுவர் அந்தப் பயணத்தில்தான்.

ஆகவே இந்த ஆய்வின் முக்கியக் கருதுகோள் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. கொழும்பு விமானத்திலிருந்து ஆதாம் பாலத்தைப் பார்த்த வாசகர்கள் தயவுசெய்து எனக்கு எழுத வேண்டும். படம் வேண்டாம். இருக்கை எண் போதும்.