துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

அவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு வந்து, தலையணை மாதிரி ஒரு நாவலைக் கையில் தூக்கி எடை பார்த்துவிட்டு, கடைக்காரரிடம் தாழ்ந்த குரலில், "கடைசில யாரு சார் போறாங்க?" என்று விசாரிப்பவர் இருக்கிறாரே, அவர்தான். யாரும் போகவில்லை என்றால் புத்தகம் அடுக்குக்கே திரும்பிவிடும். கல்யாணத்தில் முடிகிற கதைக்கெல்லாம் அவர் காசு கொடுப்பதில்லை.

சொந்தப் பெரியப்பா காரியத்தில் சாஸ்திரிகளை அவசரப்படுத்தியவர், அன்னா கரீனினா ரயிலில் விழுந்த மறுநாள் ஆபீசுக்கு லீவு போட்டார்.

"என்ன விஷயம்?" என்றார் மேனேஜர்.

"ஒரு டெத், சார்."

"அடடா, எந்த ஊர்ல?"

"மாஸ்கோ பக்கத்துல."

அந்த நாவல் 8 பாகம். அன்னா 7ஆம் பாகத்தோடு போய்விடுகிறாள். மிச்சத்தை அவர் வெகுகாலம் தொடவே இல்லை. வீட்டில் இழவு விழுந்திருக்கும்போது லெவின் என்கிற இன்னொருவனின் தத்துவ விசாரம் என்ன வேண்டிக்கிடக்கிறது என்று டால்ஸ்டாய்மேல் கோபம். கடைசிப் பாகத்தில் அன்னாவின் காதலன் விரான்ஸ்கி பல்வலியோடு ரயிலடியில் நிற்கிறான் என்று யாரோ சொல்லப்போக, அந்த இடத்தை மட்டும் தேடிப் படித்தார். "நல்லா வேணும் அவனுக்கு!" என்று அன்றைக்கு இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

'கரமசோவ் சகோதரர்க'ளில் பாதிவரை திமித்ரியைத் திட்டிக்கொண்டும் மீத்யாவுக்காக அழுதுகொண்டும் இருந்தார். இரண்டும் ஒரே ஆள் என்று தெரிந்ததும் நொந்துபோனார். அழுததைத் திரும்ப வாங்க முடியுமா?

ரஷ்ய துக்கமெல்லாம் தூரத்துச் சொந்தம். சிவகாமிதான் வீட்டுப் பெண். கல்கியில் 1944இல் தொடங்கிய தொடரை அவர் அம்மா கத்தரித்து பைண்டு செய்து வைத்திருந்தார். 'சிவகாமியின் சபதம்' அவருக்குச் சீதனம் மாதிரி வந்தது. வாதாபிக்கே ஆள் வந்து கூப்பிட்டும் அவள் வர மறுக்கிற இடம் வந்தால், "கிளம்பும்மா, பிடிவாதம் பிடிக்காதே" என்று வாய்விட்டுக் கெஞ்சுவார்.

சமையலறையிலிருந்து மனைவி, "ஏங்க, போன தடவையும் அவ வரலையே!" என்பார்.

"இந்தத் தடவை மனசு மாறினாலும் மாறுவா, நீ சும்மா இரு."

அவள் மாறுவதில்லை. வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்துவிட்டுக் காஞ்சிக்குத் திரும்பினால், அவள் காதலர் மாமல்லர் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிறார். (எனக்கும் மாமல்லர்மேல் வருத்தம் உண்டு, ராஜா விவகாரம் என்று வாயைத் திறப்பதில்லை.) நம்மவரோ அன்று ராத்திரி மோரைக்கூடத் தொடமாட்டார். மனைவி டிவி சீரியல் பார்த்துக் கண்ணைத் துடைத்தால் மட்டும், "கட்டுக்கதைக்குப் போய் யாராவது அழுவாங்களா?" என்று கேட்பார்.

ஆகவே, அவர் வீட்டுக்குப் போவதாக இருந்தால் முதலில் போன் செய்து என்ன புத்தகம் ஓடுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். சபதத்தின் முதல் பாகமான 'பரஞ்சோதி யாத்திரை' என்றால் காபி, டிபன் நிச்சயம். நாலாம் பாகமான 'சிதைந்த கனவு' தொடங்கிவிட்டது என்றால் சாப்பிட்டுவிட்டே போங்கள்.