ருசி அண்ணாச்சி

சாரலுக்குக் குற்றாலம் போகும் எந்தக் கூட்டத்திலும் ஒரு ருசி அண்ணாச்சி இருப்பார். வேனில் ஏறும்போதே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். மற்றவர்கள் துண்டும் எண்ணெய்ப் பாட்டிலும் எடுத்து வந்திருப்பார்கள். அவர் அபிப்பிராயங்களை எடுத்து வந்திருப்பார்.

ஐந்தருவித் தண்ணீர் வேறு, பழைய குற்றாலத் தண்ணீர் வேறு, தலையில் விழும்போதே சொல்லிவிடுவேன் என்பார். அருவிக்கரையில் மங்குஸ்தான் வாங்கினால் பழத்தைக் கவிழ்த்து ஒரு பார்வை பார்த்து, "உள்ளே ஆறு சுளை" என்பார். உடைத்தால் ஆறேதான் இருக்கும். பழத்தின் அடியில் பூ மாதிரி ஒரு முத்திரை உண்டு. அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. பழமே விடையை அச்சடித்து வைத்திருக்கிறது. அண்ணாச்சி அதை யாரிடமும் சொன்னதில்லை.

பத்து வருஷம் முன்பு அவர் எண்ணெய்க் குளியலில் நிபுணர். அப்புறம் கொஞ்ச காலம் டிகிரி காபி. போன வருஷம் மகனைப் பார்க்க வெளிநாடு போய் வந்ததிலிருந்து ஒயின். அதிலும் பிரான்ஸ், இத்தாலியெல்லாம் எல்லாரும் குடிப்பதாம். ரசனை உள்ளவன் தென் அமெரிக்காவுக்குத்தான் போவானாம். விமானத்தில் வருகிற ஒருவர் வரி இல்லாமல் இரண்டு லிட்டர்தான் கொண்டுவரலாம் என்பது சுங்க விதி. முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டுதான் அதில் அடங்கும். அவர் வாங்கியதில் மூன்றாவது, கூட வந்த மைத்துனர் கணக்கில் ஊர் வந்து சேர்ந்தது.

மூன்றையும் இந்தச் சாரலுக்குக் கொண்டுவந்து, "இது டி.கே.சி. வாழ்ந்த ஊர்வே. அவரோட வட்டத்தொட்டி சபை மாதிரி உக்காந்து ரசிக்கணும்" என்று ஆரம்பித்தார். ரசிகமணி டி.கே.சி. 1954-இல் கண்மூடியது குற்றாலத்தில்தான். ஒரே கம்பன் பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி, கேட்பவன் நாக்கிலும் அது இனிக்கிற வரை விடமாட்டாராம். நம் அண்ணாச்சியும் திரும்பத் திரும்பச் சொல்வார். அந்த அளவில் ஒற்றுமை உண்டு.

வாடகை பங்களா. ஜன்னலில் சாரல் அடிக்கிறது. பிரானூர் பார்டரிலிருந்து பரோட்டாவும் கோழியும் வாழையிலைப் பொட்டலத்தில் வந்து ஆறிக்கொண்டிருக்கின்றன. (1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம், எல்லை போய்விட்டது, பரோட்டாவில் பெயர் மட்டும் நிற்கிறது.) எவர்சில்வர் டம்ளரில் ஊற்றினால் பாவம் என்று சொல்லிவிட்டதால், வாட்ச்மேன் எதிர் டீக்கடையில் ஆறு கண்ணாடி கிளாஸ் இரவல் வாங்கி வந்தார். ஊற்றுவதை நாம் பார்க்கக் கூடாது, பார்த்தால் நாக்கு லேபிளைப் படித்துவிடும் என்பது அண்ணாச்சியின் சட்டம். ஆகவே அடுக்களையில் வைத்து வாட்ச்மேன் ஊற்றி வர வேண்டும். எதற்குப் பின் எது என்ற வரிசையை மட்டும் அண்ணாச்சியே சொல்லி அனுப்பியிருந்தார்.

முதல் கிளாஸ். சுழற்றினார், கொஞ்சம் வேட்டியில் விழுந்தது. மூக்கை உள்ளே விட்டார். "மால்பெக். அர்ஜென்டினா." பிரான்சில் பிறந்து 1853-இல் கடல் கடந்த கொடி அது; மெண்டோசாவில் போய்ப் பெரிய மனுஷன் ஆகிவிட்டது. ஆண்டிஸ் மலை மழையை மறித்துவிடுவதால் அங்கே பனி உருகிய தண்ணீரைப் பாய்ச்சித்தான் திராட்சை. மலைக்கு அந்தப் பக்கம் மழை, இந்தப் பக்கம் காற்று என்பதைத் தென்காசிக்காரனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. "ஈர மண் வாசனை தெரியுதா?" என்றார். தெரிந்தது, ஜன்னல் திறந்திருந்தது.

பிறகு வாயில் கொப்பளித்து, துப்ப ஏதாவது வேண்டும் என்றார். வாட்ச்மேன் பழைய வெற்றிலைப் படிக்கம் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "துப்பவா அண்ணாச்சி இம்புட்டு ரூவா?" என்று கேட்டார். அண்ணாச்சி விழுங்கிவிட்டார்.

இரண்டாவது, சிலியின் கார்மெனேர். இதற்கு ஒரு கதை உண்டு. பிரான்சில் பூச்சி விழுந்து கொடிகள் அழிவதற்கு முன்பே சிலிக்குப் போன ரகம் இது. அங்கே மெர்லோ கொடிகளோடு கலந்து, நூறு வருஷத்துக்கு மேல் மெர்லோ என்ற பெயரிலேயே விலைபோனது. 1994-இல் பூர்சிகோ என்ற பிரெஞ்சு நிபுணர் தோட்டத்தில் நின்று கொடியைப் பார்த்து, இது மெர்லோ இல்லையே என்றார். "நூறு வருஷம்வே! ஒரு நாடே எதைக் குடிக்கோம்னு தெரியாம குடிச்சிருக்கு" என்று அண்ணாச்சி தொடையில் தட்டிச் சிரித்தார். பரோட்டா நன்றாக ஆறிவிட்டது.

மூன்றாவது வந்தது. உருகுவே நாட்டு டானட். ஒரு வாய் எடுத்ததும் அவர் முகம் சுருங்கிய விதத்தில் எங்களுக்கே நாக்கு இழுத்தது. "பாத்தியளா, இதுதான் டானின். ரெண்டாவது இதுக்கு முன்னால வெறும் சர்பத்." வாழைப்பூவிலும் நெல்லிக்காயிலும் இருக்கிற துவர்ப்பைத்தான் சொல்கிறார் என்று புரிய நேரமாயிற்று. என் மச்சான், அவனைச் சொல்லிக் குற்றமில்லை, இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்று போலத்தான் இருக்கிறது என்றான். அண்ணாச்சி அவனைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "நாக்கைப் பழக்கணும் மாப்ள."

கிளாஸ்களை எடுக்க வந்த வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார். "அண்ணாச்சி, முதல் ரெண்டும் திருகு மூடி. மூணாவது தக்கை. கத்தி வெச்சுக் குத்தியும் வரல. நீங்க பேசிக்கிட்டு இருந்திய, குறுக்க வரவேண்டாம்னு ரெண்டாவது பாட்டிலையே ஊத்திட்டேன்."

சாரல் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அண்ணாச்சி பொட்டலத்தைப் பிரித்து, ஒரு துண்டு பரோட்டாவைச் சால்னாவில் முக்கி வாயில் போட்டு, "மைதாவுல முட்டை கம்மி" என்றார்.

அந்த டானட் பாட்டில் இன்னும் திறக்காமல் என் அலமாரியில் இருக்கிறது. அடுத்த சாரலுக்கு வருகிற யாராவது தக்கை திருகி ஒன்று கொண்டுவந்தால் புண்ணியமாகப் போகும்.