காதலா, கொள்ளையா?

கே: கொள்ளைப் படங்களில் காதல் எதற்கு? வேகத்தைக் கெடுக்கத்தானே?

ப: 1949-இல் ராபர்ட் சியோட்மாக் இயக்கிய 'கிரிஸ் கிராஸ்' பாருங்கள். அங்கே கொள்ளையைப் பெற்றெடுப்பதே காதல்தான்! பணவண்டி ஓட்டும் பர்ட் லங்காஸ்டர், இப்போது ஒரு தாதாவுக்கு மனைவியாகிவிட்ட தன் முன்னாள் மனைவியோடு கையும் களவுமாகச் சிக்குகிறார். தன் வண்டியையே கொள்ளையடிக்க யோசனை சொல்ல வந்ததாக வாய்க்கு வந்த பொய்யை விடுகிறார். பொய் திட்டமாகிவிடுகிறது. ஆஸ்பத்திரிக் காட்சிக்காகவே இரண்டாம் முறை பார்க்கலாம். கொள்ளையில் காயம்பட்ட லங்காஸ்டர், கை தூக்கிக் கட்டப்பட்டு, அசைய முடியாமல் படுத்திருக்கிறார். எதிர்க் கண்ணாடியில், வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் தெரிகிறார். தாதா ஆள் அனுப்புவாரோ என்ற பயம் தாங்காமல் அந்த ஆளையே துணைக்கு அழைக்கிறார், பாவம். அந்த முன்னாள் மனைவியாக வரும் யுவோன் டி கார்லோவின் முடிவை மட்டும் நான் சொல்லமாட்டேன்.