மேட்டூர்த் தூதர்

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு முடித்தவனுக்கு இரண்டு கவலைகள். ஒன்று அரியர், இன்னொன்று இன்டர்ன்ஷிப். அரியரை உட்கார்ந்து எழுதிக் கழித்துவிடலாம். இன்டர்ன்ஷிப்புக்கு யாரையாவது பிடிக்க வேண்டும். 2024-இல் என் வகுப்பில் பாதிப் பேர் பெங்களூருவில் ஆளைப் பிடித்துவிட்டார்கள். மெட்ரோ ரயில், மேம்பாலம், முந்நூறு ரூபாய்க் காப்பி என்று வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் படம் காட்ட ஆரம்பித்தார்கள். எனக்கு அப்பாவின் நண்பருடைய மச்சான் மூலம் அமைந்தது மைசூர்.

“மைசூரா? அது சிட்டியாடா?” என்றான் ஒருத்தன்.

எங்கள் ஊர் சேலம் மாவட்டம் கொளத்தூர். எங்களுக்கு மேட்டூரே டவுன், சேலம் சிட்டி. அரண்மனையே வைத்திருக்கும் ஊரை எதில் சேர்ப்பது? போய்ப் பார்த்தால் மைசூர்க்காரர்களே தங்கள் ஊரைச் சிட்டி என்று ஒப்புக்கொள்வதில்லை. “இது அமைதியான ஊருப்பா, சிட்டி எல்லாம் பெங்களூருதான்” என்று சொல்லிவிட்டு பூங்கா பெஞ்சில் சாய்ந்துகொள்கிறார்கள். இங்கே வேலை தேடி வருகிறவர்களைவிட ஓய்வு பெற்று வருகிறவர்கள்தான் அதிகமோ என்று எனக்குச் சந்தேகம்.

கொளத்தூரிலிருந்து மைசூருக்குப் போக குறுக்கு வழி உண்டு. கோவிந்தபாடி தாண்டி, பாலாறு சோதனைச்சாவடி வழியாக மாதேஸ்வரன் மலை ஏறி, ஹனூர், கொள்ளேகால், டி. நரசிபுரா என்று பஸ் போகும். பாலாறு என்றதும் வேலூர் ஞாபகம் வருகிறவர்கள் மன்னிக்க. இது வேறு பாலாறு. மேட்டூர் அணை நிரம்பினால் தண்ணீர் பின்னோக்கி வந்து நிற்கிற எல்லையில் காவிரியோடு கலக்கும் சின்ன ஆறு. பாலத்துக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் அவர்கள். அந்தப் பக்கம் 1997 வரை மைசூர் மாவட்டம், அதன்பின் சாமராஜநகர் மாவட்டம். அப்பா தலைமுறைக்குப் பாலாறு என்றால் 1993-இல் வீரப்பன் வைத்த கண்ணிவெடி. அந்தப் பெயரைச் சொன்னால் இன்றும் குரல் தாழும். என் தலைமுறைக்கு அது சோதனைச்சாவடி. போலீஸ்காரர் பஸ்ஸில் ஏறி, என் பையைத் திறந்து, அம்மா கட்டிக் கொடுத்த முறுக்கு டப்பாவை மோந்து பார்த்து, “எல்லிகே?” என்றார். “மைசூர், இன்டர்ன்ஷிப்” என்றேன். அவர் முகத்தில் தெரிந்த இரக்கத்துக்கு அப்போது எனக்கு அர்த்தம் புரியவில்லை.

ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம், அவர்கள் நல்லவர்கள். என்னை என்ன செய்வது என்று மட்டும் அவர்களுக்குத் தெரியவில்லை. கழுத்தில் அட்டை மாட்டினார்கள், தலையில் ஹெல்மெட் வைத்தார்கள், ஷாப் ஃப்ளோரில் நிறுத்தினார்கள். நின்றேன். மிஷின் ஓட்டுகிறவர் தள்ளி நிற்கச் சொன்னார். தள்ளிய இடத்தில் ஃபோர்க்லிஃப்ட் வந்தது. அங்கிருந்தும் தள்ளினேன். இப்படியே தள்ளித் தள்ளிக் கடைசியில் ஸ்டோர்ஸுக்குள் போய்விட்டேன். அங்கே தள்ள இடமில்லை. ஆகவே என் டிபார்ட்மென்ட் ஸ்டோர்ஸ் என்று முடிவாயிற்று.

ஸ்டோர்ஸைக் கட்டி மேய்ப்பவர் மண்டியாக்காரர். வீட்டில் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் ஆளையே பார்ப்பார். நான் ‘அண்ணா’ என்று கூப்பிட்டேன். கன்னடத்திலும் அது அண்ணாதான், சிக்கலில்லை. அவர் தமிழ் முழுக்க முழுக்க சினிமாவில் கற்றது. சாதாரணமாக ஸ்பேனர் கேட்டாலே இடைவேளைக்கு முந்தைய வசனம் மாதிரி இருக்கும்.

“எந்த ஊரு?”

கொளத்தூர் என்றால் தெரியாது என்று, “மேட்டூர்ண்ணா” என்றேன்.

கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. “ஓஹோ! நம்ம தண்ணி எல்லாம் உன்கிட்டதான் இருக்கா?”

அன்று மதியத்துக்குள் கேன்டீன் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. சாம்பார் ஊற்றுகிறவர் என் தட்டைப் பார்த்து, “மேட்டூருக்குக் கம்மியாவே ஊத்தறேன், அப்புறம் கோர்ட்டுக்குப் போயிடுவீங்க” என்றார். தண்ணீர் ஜக்கை நான் எடுத்தால் மேஜையே நிமிர்ந்து பார்க்கும். தட்டில் இருந்ததோ ராகி முத்தே. கொளத்தூர்க் களிக்குப் பயந்து சிட்டிக்கு வந்தவன் முன்னால் அதே களி, கன்னடப் பெயரோடு உட்கார்ந்திருந்தது.

எனக்கு உண்மையிலேயே ஆதங்கம். மேட்டூர் தண்ணீர் எங்கள் வயலுக்கு வருவதில்லை. 1934-இல் திறந்த அணை. நீர் நிற்கிற இடத்தில் எங்கள் முன்னோர்களின் ஊர்கள் இருந்தன. அணையில் தேங்குவது 93.47 டி.எம்.சி. பெரும்பங்கு டெல்டாவுக்குப் போய்விடும். கரையில் உட்கார்ந்து பார்க்கிற உரிமை எங்களுக்கு. நீர் வற்றினால் பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலை காட்டும், பழைய தேவாலயத்தின் கோபுரம் தெரியும். பத்திரிகைக்காரர்கள் படமெடுக்க வருவார்கள். இதையெல்லாம் பொறுமையாக விளக்கினேன். அண்ணா கேட்டுவிட்டு, எல்லாவற்றையும் விட்டு ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார். “தொண்ணூத்தி மூணா? எங்க கே.ஆர்.எஸ். டேம் நாப்பத்தொம்பதரைதானே! கொடுக்கிறவன் சொம்பைவிட வாங்குறவன் அண்டா பெருசா இருக்கே!”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. காவிரி நடுவர் மன்றம் 2007-இல் 192 டி.எம்.சி. என்றது, உச்ச நீதிமன்றம் 2018-இல் அதை 177.25 ஆக்கியது என்பதெல்லாம் எனக்கு வாய்ப்பாடு மாதிரித் தெரியும். அண்டா விஷயத்தை மட்டும் எந்த வழக்கறிஞரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

வேலைக்கு வருவோம். ஸ்டோர்ஸில் என் வேலை பின் கார்டு சரிபார்ப்பது. ஒவ்வொரு ரேக்கிலும் அட்டை தொங்கும். வந்தது, போனது, இருப்பு. அட்டையில் பன்னிரண்டு என்றிருந்தால் பெட்டியில் பன்னிரண்டு இருக்க வேண்டும். இருக்காது. முதல் நாளே பேரிங் ரேக்கில் முழித்துக்கொண்டு நின்றேன். வெர்னியரை எடுத்து ஒவ்வொன்றாக அளக்க ஆரம்பித்தேன். அண்ணா பின்னால் வந்து, பெட்டியைத் திறக்காமலே, “6205 உள் விட்டம் இருபத்தஞ்சு. 6206 முப்பது. 6208 நாப்பது” என்றார்.

“எப்படிண்ணா?”

“கடைசி ரெண்டு நம்பரை அஞ்சால பெருக்கு. நாலுல இருந்துதான் இந்தக் கணக்கு. 00 பத்து, 01 பன்னெண்டு, 02 பதினஞ்சு, 03 பதினேழு. காலேஜ்ல என்னதான் சொல்லித் தர்றாங்க?”

பேரிங்கின் ஆயுள் கணக்கை இரண்டு பக்கத்துக்குப் போடத் தெரிந்தவன் நான். அதன் பெயரைப் படிக்கத் தெரியாது. அந்த மதியம் உருப்படியாக ஒன்று கற்றுக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகள்தான் சாகசத்துக்கு ஒதுக்கியவை. பி.ஜி.யில் என் அறையில் ஒரு வயநாட்டுக்காரன், ஒரு ஹுப்பள்ளிக்காரன். மூவருக்கும் பொதுமொழி பசி. முதலில் அரண்மனை. பழைய மர அரண்மனை 1897-இல் கல்யாணத்தின்போது பற்றி எரிந்தபின், ஹென்றி இர்வின் வடிவமைத்து 1912-இல் முடிந்தது இப்போதுள்ளது. ஞாயிறு மாலை ஏழு மணிக்குச் சுமார் 97,000 பல்புகள் ஒரே நொடியில் எரியும். ஆயிரக்கணக்கானவர்கள் “ஆ” என்றார்கள். ஹுப்பள்ளிக்காரன் மட்டும், “இதில் ஃப்யூஸ் போனதை எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?” என்று விடிய விடிய யோசித்தான். எலெக்ட்ரிக்கல் பிரிவு. அழகை ரசிக்க விடமாட்டான்.

நகத்தில் எனக்கு இன்னும் கொஞ்சம் மை மிச்சமிருந்தது. ஏப்ரல் 19-இல் நாடாளுமன்றத் தேர்தலுக்குப் போட்ட முதல் ஓட்டு. இந்த அழியாத மை தயாராவது மைசூரில், மாநில அரசின் பெயின்ட் தொழிற்சாலையில். 1962 தேர்தலிலிருந்து அதுதான் வழக்கம். கொளத்தூர்ப் பள்ளியில் என் விரலில் ஏறிய மையை அதன் பிறந்த ஊருக்கே அழைத்து வந்த பெருமை எனக்கு உண்டு. பி.ஜி. உரிமையாளரிடம் காட்டினேன். அவர் முன்பணத்தைப் பற்றிக் கேட்டார்.

சாமுண்டி மலைக்கு ஆயிரம் படிகள் என்பார்கள். விடியற்காலையில் இளைஞர் படையாகக் கிளம்பினோம். வழியெல்லாம் எங்களைத் தாண்டிப் போனவர்கள், கேன்வாஸ் ஷூ போட்ட ஓய்வு பெற்ற பெரியவர்கள். ஒருவர் கீழே இறங்கும்போதும் எங்களைப் பார்த்தார், திரும்ப ஏறும்போதும் பார்த்தார். “மெதுவா வாங்க, மலை இங்கேதான் இருக்கும்” என்று ஆறுதல் வேறு. பாதிக்கு மேல் போனதும் ஒரே கல்லில் செதுக்கிய பிரம்மாண்ட நந்தி, பதினேழாம் நூற்றாண்டு. எண்ணெய் பூசிப் பளபளவென்று, மாலையும் மணியுமாக ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். பதிலுக்கு அம்மா ஒரு படம் அனுப்பினாள். பண்ணவாடி நந்தி, சேறு காய்ந்த முகத்தோடு வெளியே. கீழே ஒரு வரி: ‘டேம்ல தண்ணி நாப்பது அடிதான். நீ சாப்ட்டியா?’

அந்த ஆண்டு ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கவில்லை. திறக்க நீர் இல்லை. அண்ணாவுக்கும் சந்தோஷமில்லை. ஒரு ஞாயிறு என்னைப் பைக்கில் ஏற்றிக் கே.ஆர்.எஸ்.ஸுக்குக் கூட்டிப் போனார். பிருந்தாவனத்தில் கூட்டம் நீரூற்றைப் பார்த்தது. நாங்கள் இருவரும் நீர்மட்டத்தைப் பார்த்தோம். முழு அளவு 124.80 அடி, அப்போது நூறைத் தொடவில்லை. சிமென்ட் இல்லாமல் சுர்க்கிச் சுண்ணாம்புக் கலவையில் கட்டியது, கட்டியவர் விஸ்வேஸ்வரையா என்று ஆரம்பித்து, தன் வயலுக்கு வருகிற விஸ்வேஸ்வரையா கால்வாய்க்கு முதலில் வைத்த பெயர் இர்வின் பிரபு என்பதுவரை சொன்னார். எங்கள் நீர்த்தேக்கத்துக்கும் ஸ்டான்லி என்ற கவர்னர் பெயர்தான் என்றேன். வெள்ளைக்காரர் இரண்டு பேரையும் சேர்த்துத் திட்டியதில், இரு மாநில உறவு கொஞ்சம் சீரடைந்தது. வரும் வழியில் மைசூர்பாகு வாங்கித் தந்தார்.

ஜூலை 11-இல் காவிரி நீர் ஒழுங்காற்றுக் குழு, தமிழ்நாட்டுக்கு மாத முடிவுவரை தினமும் ஒரு டி.எம்.சி. விடச் சொன்னது. மறுநாள் கேன்டீனில் யாரும் ஜோக் அடிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அண்ணா பழைய பின் கார்டு ஒன்றைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் போட்டார். நூறு கோடி கன அடி, வகுத்தல் 86,400 வினாடி. “செகண்டுக்குப் பதினோராயிரத்து ஐநூத்திச் சொச்சம். என் கால்வாய்க்கு?” என்றார். எனக்கு என்ன தெரியும்? 6205 என்றால் இருபத்தைந்து என்று தெரியும். கர்நாடக அரசு எட்டாயிரம் கன அடிதான் விடுவோம் என்றது. மண்டியாவில் போராட்டம் என்று பேப்பரில் வந்தது. நான் ஜக்கைத் தொடாமல் பி.ஜி.யிலிருந்து பாட்டில் கொண்டுவர ஆரம்பித்தேன்.

பிறகு குடகில் மழை பிடித்தது. இரண்டு அரசும் குழுவும் பேசித் தீராததை மேகம் ஒரே வாரத்தில் முடித்துக் கொடுத்தது. கே.ஆர்.எஸ். ததும்பியது. எட்டாயிரம் என்றவர்கள் லட்சத்துக்கு மேல் திறந்துவிட்டார்கள். வைத்துக்கொள்ள இடமில்லை என்றால் யாருக்கும் தாராளம் வந்துவிடும். அண்ணா அன்று காலை ஸ்டோர்ஸில் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். முன்னால் ஓர் இஷ்யூ ஸ்லிப். கார்பன் வைத்து மூன்று பிரதி. ‘பொருள்: காவிரி நீர். அளவு: வேண்டிய மட்டும். வழங்கியவர்: மண்டியா. பெற்றவர்: மேட்டூர்’ என்று எழுதி வைத்திருந்தார்.

“கையெழுத்துப் போடு. நாளைக்கு வரலைன்னு கோர்ட்டுக்குப் போகக்கூடாது.”

போட்டேன். வெள்ளைப் பிரதி எனக்கு, மஞ்சள் ஃபைலுக்கு, பச்சை அவர் சட்டைப் பைக்கு. இரண்டு மூன்று நாளில் அம்மாவிடமிருந்து செய்தி: நந்தி முங்கிவிட்டது. ஜூலை 28-இல் டெல்டாவுக்குத் திறந்தார்கள். 30-இல் மேட்டூர் 120 அடியைத் தொட்டது. நாற்பதிலிருந்து நூற்றிருபதுக்கு மூன்று வாரம்கூட ஆகவில்லை. அண்ணா ஃபோனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, “அண்டா பெருசுதான்” என்று ஒப்புக்கொண்டார்.

ஆகஸ்டில் கல்லூரியில் வைவா. இன்டர்ன்ஷிப் அறிக்கை இவ்வளவு பக்கம் இருக்க வேண்டும் என்று விதி. பக்கம் போதாமல் பின் கார்டு, கேட் பாஸ், கேன்டீன் டோக்கன் எல்லாவற்றையும் நகலெடுத்துப் பின்னிணைப்பில் சேர்த்திருந்தேன். அந்த வேகத்தில் வெள்ளைப் பிரதியும் போய்விட்டது. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்துக்காரர் என்று வாசலிலேயே சொன்னார்கள், நான் பொருட்படுத்தவில்லை. பேரிங் பற்றிக் கேட்பார் என்று ஐந்தாம் வாய்ப்பாட்டோடு போயிருந்தேன்.

அவர் அறிக்கையைப் புரட்டிக்கொண்டே வந்தார். கடைசிப் பக்கத்தில் நின்றார். ஸ்லிப்பைப் படித்தார். என் கையெழுத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“பெற்றவர் மேட்டூர். அது நீதானா?”

“ஆமா சார்.”

“வேண்டிய மட்டும் வாங்கியிருக்க. கொள்ளிடம் நிறையக் கடலுக்குப் போகுது. எங்க கடைமடைக்கு இன்னும் ஒரு சொட்டு வந்து சேரலை.” நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “எங்களுக்கு எப்ப தம்பி இஷ்யூ பண்ணப் போற?”