அந்த வியர்வையை மட்டும் துடைத்துவிடுங்கள்

கார்ட்டூன் நாயகர்கள் சட்டத்தை மதித்து நடக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் பிள்ளைகள் கெட்டுப்போவார்களாம். இங்கிலாந்தில் பெப்பா என்ற பன்றிக்குட்டி காரில் சீட் பெல்ட் போடவில்லை என்று பெற்றோர் புகார் செய்ய, பழைய படங்களைக்கூடத் திருத்தி மாட்டிவிட்டார்கள். பன்றியின் உயிரும் உயிர்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் பழைய குற்றவாளி சூப்பர்மேனை விட்டுவிடலாமா? 1938இல், முதல் கதையிலேயே, ராத்திரியில் கவர்னர் மாளிகைக்குள் புகுந்து இரும்புக் கதவைப் பிய்த்தெறிந்தான். செய்யாத கொலைக்கு ஒரு பெண்ணை மின்சார நாற்காலியில் உட்காரவைக்க இருந்தார்கள், அதைத் தடுக்கத்தான் என்பான். அதற்கு மனு இருக்கிறதே ஐயா! காலையில் வந்து, வரிசையில் நின்று, சீல் வாங்கி... அதற்குள் அவள் செத்திருப்பாள், அவ்வளவுதானே. ஃபைல் சுத்தமாக இருந்திருக்கும்.

இந்த ஞானம் அமெரிக்கக் காமிக்ஸ் பதிப்பாளர்களுக்கு 1954 அக்டோபரில் பிறந்தது. காமிக்ஸ் படித்துத்தான் சிறுவர்கள் ரௌடிகளாகிறார்கள் என்று ஃப்ரெட்ரிக் வெர்தாம் என்ற மனநல மருத்துவர் புத்தகம் போட்டார். செனட் குழு கூப்பிட்டு விசாரித்தது. வெலவெலத்துப்போன பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே விதி எழுதிக்கொண்டார்கள். போலீஸ்காரர், நீதிபதி, அரசு அதிகாரி, எவர் மீதும் மரியாதை குறையும்படி படம் போடக் கூடாது. ரத்தக்காட்டேரியும் கூடாது. இரண்டையும் ஒரே விதிப்புத்தகத்தில் சேர்த்தவர்களுக்கு நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும். காவலுக்கு, ஒவ்வொரு கதையையும் பார்த்து முத்திரை குத்த, சார்லஸ் மர்ஃபி என்ற நீதிபதியையே உட்காரவைத்தார்கள்.

1955இல் அவர் மேஜைக்கு ஒரு விண்வெளிக் கதை வந்தது. ரோபோக்களின் கிரகம். உள்ளே எல்லாம் ஒரே எந்திரம். மேலே சிலதுக்கு ஆரஞ்சுத் தகடு, சிலதுக்கு நீலம். நீலத்துக்குக் கிடைப்பதெல்லாம் மட்டம். பார்வையிட வந்த பூமிக்காரர், நீங்கள் இன்னும் தேறவில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். கறுப்பர். முகத்தில் வியர்வைத் துளிகள் மின்னுகின்றன.

கறுப்பராக இருக்கக் கூடாது என்றாராம் மர்ஃபி. பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் எகிறியதும், சரி, அந்த வியர்வையையாவது எடுத்துவிடுங்கள் என்று பேரம் பேசினாராம். பதிப்பகத்தார் சொன்ன தகவல் இது. கெய்ன்ஸ் ஒரு துளியைக்கூடத் துடைக்காமல் அச்சிட்டார்.

அதே 1955இல்தான் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினப் பையனைக் கடத்திப்போய்க் கொன்றார்கள். வெள்ளையர் மட்டுமே உட்கார்ந்த ஜூரி 67 நிமிடத்தில் குற்றம்சாட்டப்பட்ட இருவரையும் விடுவித்தது. நடுவில் சோடா குடிக்காமல் இருந்திருந்தால் இன்னும் சீக்கிரம் முடித்திருப்போம் என்றார் ஒரு ஜூரி. சில மாதங்களில் அந்த இருவரும், கொன்றது நாங்கள்தான் என்று காசு வாங்கிக்கொண்டு பத்திரிகைக்குச் சொன்னார்கள். ஒருமுறை விடுதலையானவர்களை மறுபடி விசாரிக்கக் கூடாதல்லவா; சட்டம் கைகட்டி நின்றது.

இந்த நீதிமன்றத்தின் மீதுதான் பிள்ளைகளுக்கு மரியாதை குறைந்துவிடக் கூடாது.

டில்லின் அம்மா சவப்பெட்டியை மூடவிடவில்லை. சிதைந்த அந்த முகத்தை ‘ஜெட்’ பத்திரிகை அப்படியே அச்சிட்டது. அதற்கு மர்ஃபியின் முத்திரை தேவைப்படவில்லை. அது காமிக்ஸ் இல்லையே.